அமையச் செலவு எண்டா என்ன? காட்டை வெட்டேக்க எங்கட கையால போறது என்ன?

ஏஎல்லில, அதாவது உயர்தரத்தில, ஈகொன் எண்ட பொருளியல் பாடம் படிச்ச ஆக்களுக்கு இந்தச் சொல் முதல் பாடத்திலயே வந்திருக்கும். கனபேர் அதைப் பாடமாக்கி சோதினையில எழுதினதோட விட்டாச்சு, நானும் அப்பிடித்தான் கனகாலம் இருந்தனான். போன கிழமை தங்கச்சின்ர மகள் வந்து "மாமா, செலவு விளங்குது, அதென்ன அமையம்?" எண்டு கேட்டா. நல்ல கேள்வி. அண்டைக்கு அவவுக்குச் சொன்னதையும் பேந்து யோசிச்சதையும் சேர்த்துத்தான் இதை எழுதுறன்.

முதல்ல கருத்தைப் பாப்பம். ஒண்டைத் தெரிவு செய்யேக்க, அதுக்காக நீங்கள் கைவிட்ட மற்றதுகளில ஆகச் சிறந்தது எதுவோ அதின்ர பலன்தான் அமையச் செலவு. உதாரணத்துக்கு நாலு பரப்புத் தோட்டம் இருக்கெண்டு வைப்பம், வெங்காயம் வைச்சா 90 ஆயிரம் மிஞ்சும், புகையிலை எண்டா 70 ஆயிரம், குத்தகைக்குக் குடுத்தா 30 ஆயிரம். வெங்காயம் வைக்கிறீங்கள் எண்டா அதின்ர அமையச் செலவு 70 ஆயிரம். இதில கனபேர் 70ஐயும் 30ஐயும் கூட்டி ஒரு லட்சம் எண்டு எழுதிப் பிழைவிடுறவை, கூட்டக்கூடாது, ஏனெண்டா ஒரே காணியில ஒரே நேரத்தில புகையிலையும் வைச்சுக் குத்தகைக்கும் குடுக்கேலாதுதானே. பொக்கற்றில இருந்து ஒரு சதமும் போகேல்ல, எண்டாலும் அது செலவுதான்.

இங்கிலீசில இது ஒப்பர்சூனிற்றி கொஸ்ற். 1894ல டேவிட் கிறீன் எண்டவர் ஒரு கட்டுரையில இந்தச் சொல்லைப் பாவிச்சார், ஒஸ்ரியாவில வீசர் எண்ட பொருளியலாளர் இதே கருத்தை வடிவா வளர்த்தெடுத்தார். ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு முந்தின கதை. ஒப்பர்சூனிற்றியின்ர வேர் லத்தீன், துறைமுகத்தைப் பாத்து வீசுற காத்துக்குச் சொன்ன சொல்லில இருந்து வந்தது. பாய்க்கப்பல்காரருக்கு அந்தக் காத்து வந்தாத்தான் துறைக்குள்ள போகலாம், விட்டா அடுத்த காத்துக்குக் காவல் இருக்கோணும். இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, வாடை சோளகம் பாத்துக் கடலுக்குப் போன சனம், 1938ல அன்னபூரணி எண்ட பாய்க்கப்பலை அமெரிக்காவின்ர குளொஸ்ரர் மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தவை வல்வெட்டித்துறை ஆக்கள்தானே.

இப்ப அமையம். பழைய அகராதியளில அமையம் எண்டா சமயம், ஏற்ற காலம். சமய எண்ட வடசொல்லில இருந்து வந்ததெண்டு சொல்லுறவை, எண்டாலும் எனக்கு அதுக்குள்ள "அமை"யும் கேக்குது, கலியாணம் அமைஞ்சிட்டுது, காணி நல்லா அமைஞ்சுது எண்டு சொல்லுறம் எல்லோ, அந்த அமை. எங்கட கந்தோருகளில "அமைய ஊழியர்" எண்டு சொல்லுறதும் இதே அமையம்தான், தேவை வாற நேரத்துக்கு மட்டும் எடுக்கிற ஆக்கள். தமிழ்நாட்டில வாய்ப்புச் செலவு எண்டு எழுதுவினம், எங்களிலயும் சிலபேர் சந்தர்ப்பச் செலவு எண்டு சொல்லுறவை. மூண்டும் பிழையில்லை. ஆனா நான் அமையச் செலவு பக்கம்தான் நிப்பன், ஏனெண்டா வாய்ப்பு எண்டேக்க காலம் மறைஞ்சுபோகுது, அமையத்தில அது நிக்குது. காட்டின்ர விசயத்தில காலம்தான் முக்கியம்.

காட்டைப் பற்றிக் கதைக்கேக்க எங்கட ஆக்கள் வழக்கமாச் சொல்லுறது "சும்மா கிடக்கிற காணி" எண்டு. வெட்டித் தோட்டமாக்கினா வருமானம், விட்டா ஒண்டுமில்லை எண்ட கணக்கு. உலகத்திலயும் கனகாலமா இந்தப் பக்கக் கணக்குத்தான் ஓடுது. 2006ல பிரித்தானியாவில காலநிலை மாற்றத்தின்ர பொருளாதாரத்தைப் பற்றி வந்த ஸ்ரேர்ன் அறிக்கை, காணிப் பயன்பாட்டு மாற்றத்தால வாற கரியமில வாயுவில 70 சதவீதத்துக்குப் பொறுப்பான 8 நாடுகளில காட்டைக் காக்கிறதின்ர அமையச் செலவு தொடக்கத்தில வருசத்துக்கு ஏறக்குறைய 500 கோடி டொலர் எண்டு சொன்னது. அதாவது மாடு வளக்காம, சோயா வைக்காம, எண்ணெய்ப்பனை வைக்காம விடுறதால போற காசு. கொஸ்ராறிக்கா 1997ல இருந்து காடு வைச்சிருக்கிற காணிக்காரருக்குக் காசு குடுக்குது, எரிபொருள் வரியில ஒரு பங்கு அதுக்குப் போகுது.

ஆனா அதே சொல்லை மற்றப் பக்கமும் திருப்பிப் பிடிக்கோணும். வெட்டுறதுக்கும் அமையச் செலவு இருக்கு. வன்னிக் காட்டில ஒரு துண்டை வெட்டினா பாலைப்பழம் போச்சு, தேன் போச்சு, விறகு போச்சு, முதிரை போச்சு, மழைக்கு மண் கரைஞ்சு கீழ இருக்கிற குளம் தூர்ந்துபோகும், யானை ஊருக்குள்ள வரும். இதுகளில பாதிக்குச் சந்தையில விலை இல்லை, அதால கணக்கில சைபர் எண்டு போடுறம். வெட்டுறவனுக்கு லாபம், குளம் தூர்ந்த நட்டம் கீழ வயல் செய்யிறவனுக்கு, அதுதான் இதில பெரிய வில்லங்கம். 1840ல வெள்ளைக்காரன் சட்டம் போட்டு காடு, தரிசு, பயிர்செய்யாத காணியெல்லாம் முடிக்குச் சொந்தம் எண்டு ஆக்கினான், மலையகத்தில காடு கோப்பித் தோட்டமா மாறினது அந்த வழியில. அப்பவும் சும்மா கிடக்கிற காணி எண்டுதான் கணக்கு. பேந்து 2001ல ஒரு சுற்றுநிருபத்தால ஒதுக்குக்காடு எண்டு, அதாவது சட்டப்படி அறிவிச்சுப் பாதுகாக்கிற காடு எண்டு, வராத அரச காடுகளை வனவளத் திணைக்களத்துக்குக் கீழ கொண்டுவந்தவை, 2020ல அதை மாத்திப் பிரதேச செயலாளர்மாரிட்டத் திருப்பிக் குடுக்க முடிவெடுத்தவை.

ஒண்டைச் சொல்லாம விடேலாது. சண்டைக்காலத்தில இடம்பெயர்ந்து போன சனத்தின்ர வயலுகள் 20, 30 வருசம் கிடந்து பத்தையாகி, திரும்பி வந்து பாக்கேக்க காடு எண்டு எல்லைக்கல் நிக்கிற இடங்களும் வன்னியில இருக்கு. அந்தக் குடும்பத்துக்கு அமையச் செலவு எண்டுறது புத்தகத்துச் சொல் இல்லை, அவையின்ர சாப்பாடு. காடு வேணும் எண்டு சொல்லுற என்னைப் போல ஆக்கள் அந்தச் செலவை ஆர் தாறது எண்டும் சேர்த்துச் சொல்லோணும்.

இனி காலம். 1974ல அறோ, பிஷர் எண்ட ரெண்டு பொருளியலாளர் இதைத்தான் கணக்கில காட்டினவை. இண்டைக்கு வெட்டாம விட்டா நாளைக்கும் வெட்டலாம், இண்டைக்கு வெட்டினா நாளைக்கு வெட்டாம விடேலாது. நாளைக்கு என்ன விலை வரும் எண்டு தெரியாதபடியால பொறுத்திருக்கிறதுக்கே ஒரு பெறுமதி இருக்கு.

எங்கட பெரியப்பா இதை அனுபவிச்சவர். 70களில இறக்குமதியை இறுக்கேக்க செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை, யாழ்ப்பாணத்துப் பெடியள் கனபேர் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படிச்ச வாலிபர் திட்டத்தில காணி எடுத்துப் போனவை, அவரும் போய்க் காடு வெட்டி மிளகாய் வைச்சார். ரெண்டு மூண்டு போகம் கைநிறையக் காசு. 1977ல இறக்குமதியைத் திறந்துவிட விலை விழுந்துது, கொஞ்சக்காலம் தாக்குப்பிடிச்சுப் பாத்திட்டு அவர் காணியை விட்டிட்டு ஊருக்கு வந்திட்டார். கனவருசத்துக்குப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பாக்கப் போனவர். காணி நிறைய பச்சையாத்தான் இருந்தது, நாயுண்ணியும் இலந்தையும் ஈச்சம்பத்தையும். தான் வெட்டின பாலை நிண்ட இடத்தை அவர் சரியாக் காட்டினார், அதில ஒரு பாலைக்கண்டும் இல்லை.