எடை குறையும் விமானமும் நம் பிள்ளைகளின் மூச்சும்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்போது சிப்பாங், சுபாங் பக்கம் விமானப் பராமரிப்பு வேலைக்குப் போகிறார்கள். கார்பன் இழையை அடுக்கிப் பிசினால் இறுக்கிய காம்போசிட் என்ற இலேசான பொருளைக் கையாளும் பட்டறையில் சேர்ந்தவர்களும் உண்டு. வேலையிடத்துக் காற்றை அளந்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். அந்த அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 2.5 விழுக்காடு விமானங்களுடையது. 2050க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்க வேண்டும் என்று அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2021இல் முடிவெடுத்தது. எடை குறைந்தால் எரிபொருள் குறையும். அதனால்தான் போயிங் 787இன் கட்டமைப்பு எடையில் சுமார் பாதி காம்போசிட்.

ஆனால் கார்பன் இழைக் காம்போசிட்டுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. அடுக்குகளுக்கு நடுவே இருப்பது வெறும் பிசின். பலமாக அடிபட்டால், வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்துவிடும். இன்னொன்று மின்னல். அலுமினியம் அளவுக்கு இது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மேற்பரப்பில் உலோக வலை பதிக்கிறார்கள், குறைத்த எடையில் கொஞ்சம் திரும்பி வந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும், கார்பனால் ஆன, கண்ணுக்கே தெரியாத நுண்குழாயான கார்பன் நானோ குழாய் கைகொடுக்கும் என்று ஆய்வாளர்கள் நம்புகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் அடுக்குகளுக்கு இடையே நானோ குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தி, தையல் போட்டதுபோல் பிணைத்துக் காட்டியிருக்கிறார்கள். 2011இல் வியாழனுக்குக் கிளம்பிய ஜூனோ விண்கலத்தில், நிலைமின்சாரத்திலிருந்து காக்க நானோ குழாய்த் தாள் பயன்பட்டது.

வானத்தில் இதெல்லாம் நல்லதுதான். என் கவலை தரையில், உப்புத்தாள் ஓடும் இடத்தில்.

பழுதான பேனலைத் தேய்க்கும்போது கறுப்புத் தூள் கையுறை விளிம்பில் கோடு கட்டி நிற்கும். கழுத்து அரிக்கும். இன்றைய கார்பன் இழை 5 முதல் 7 மைக்ரோமீட்டர் தடிமன். முழு இழை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தேய்க்கும்போது உண்டாகும் நுண்தூள்தான் ஆழமாகப் போகும். நானோ குழாயின் குறுக்களவோ சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரைதான். தலைமுடி ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நீளமான, விறைப்பான சில வகைக் குழாய்கள் விலங்குச் சோதனைகளில், நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போலவே நடந்துகொண்டன. அவற்றில் ஒரு வகையை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது. அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 2013இல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. பிசினுக்குள் இறுகிவிட்ட குழாய் சும்மா இருக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. தூளாகக் கொட்டிக் கலக்கும்போதும், வெட்டித் தேய்க்கும்போதும்தான் கவனம் தேவை. ஈரம் வைத்துத் தேய்த்தால் தூசு பறப்பது வெகுவாகக் குறையும். கருவியோடு சேர்ந்த உறிஞ்சியும், நுண்தூசையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவமும் வேண்டும். முகத்தோடு ஒட்டாத மாஸ்க் போட்டும் பயனில்லை; தாடி இருந்தால் ஒட்டாது. வேலை முடிந்ததும் காற்றுக்குழாயை எடுத்துச் சட்டையில் 'புஸ்' என்று அடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதை இன்றே விடுங்கள். படிந்த தூசை மறுபடி மூக்குக்கு நேரே கிளப்பும் வேலை அது.

நம் அம்மாக்களும் அத்தைகளும் முதுகில் பம்பு சுமந்து தோட்டத்தில் மருந்து அடித்தார்கள். அதில் ஒன்றான பேராகுவாட் களைக்கொல்லிக்கு 2002இல் தடை அறிவிப்பு வந்தது, 2006இல் தளர்ந்தது, முழுத்தடை 2020 சனவரியில்தான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளை அந்தப் பெண்களின் தோலும் நுரையீரலும்தான் தாங்கின. பசுமை விமானம் என்ற பெயரில் பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே நடப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தம்பி, தங்கைகளே, வேலையில் சேரும்போது பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். மலேசியச் சட்டப்படி அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். சில தாள்களில் வெறும் 'கார்பன்' என்றுதான் இருக்கும். நானோ வடிவமா என்று தனியாகக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டு இரசாயன ஒழுங்குமுறைப்படி முதலாளி சுகாதார இடர் மதிப்பீடு செய்திருக்க வேண்டும். அது எப்போது நடந்தது என்றும் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் ஓவரால் வீட்டுத் துணியோடு சேர்ந்து மெஷினுக்குள் போகிறதா என்று பாருங்கள். போனால், வேலையிடத்திலேயே துவைக்க ஏற்பாடு கேட்கச் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போனால் 'இருமல்' என்று மட்டும் சொல்லி வராதீர்கள். எந்தப் பட்டறையில் என்ன தேய்க்கிறோம், எத்தனை காலமாக என்பதையும் சொல்லி, மருத்துவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னாளில் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் தொழில்சார் நோய் என்று கோர வேண்டி வந்தால் அந்தக் குறிப்பு தேவைப்படும்.