ரிட்டாலியேஷன்: பழிவாங்கும் நடவடிக்கை

பணியிடப் பாகுபாடு குறித்துப் புகார் கொடுத்தவரை, அப்படிக் கொடுத்ததற்காகவே தண்டிப்பதை அமெரிக்கச் சட்டம் ரிட்டாலியேஷன் என்கிறது. வேர் ‘டாலியோ’ என்ற லத்தீன் சொல்: செய்ததற்கு ஈடாக அதே அளவில் திருப்பிச் செய்தல். கண்ணுக்குக் கண் என்ற பழைய தண்டனை முறையின் பெயரிலும் இச்சொல்தான் இருக்கிறது. பணியிடத்தில் அந்தச் சம அளவு ஏது? ஊழியர் கொடுப்பது ஒரு மனு. அவர் இழப்பது பிழைப்பு.

ரிட்டாலியேஷனுக்குத் தமிழில் நாளிதழ்கள் எழுதும் ‘பதிலடி’ இதனால்தான் பொருந்தாது. முதல் அடி ஊழியர் அடித்தது என்றாகிவிடும். ‘எதிர்வினை’ நீர்த்த சொல். தொழிற்சங்க வழக்கில் உள்ள ‘பழிவாங்கல்’ நல்ல சொல்தான். இந்தியாவில் 2025 வரை நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டம் கூறிய, பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் கூறும் விக்டிமைசேஷனுக்கும் அதையே சொல்லலாம். ‘பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்’ என்ற புறநானூற்று அடியில் பழி என்பது அவப்பெயர். ‘வாங்கு’ சேரும்போது வஞ்சம் தீர்ப்பதாகிறது. சிக்கல் அந்த வஞ்சத்தில் இருக்கிறது. மேலாளரின் மனக்கறுவை நிரூபித்தாக வேண்டும் என்று ஊழியர் மலைத்துப்போகிறார். நிரூபிக்க வேண்டியது செயலையும் அதன் காரணத்தையும். ஆகவே ‘பழிவாங்கும் நடவடிக்கை’ என்பதே என் தேர்வு.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தில், பணியிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 7ஆம் தலைப்பின்கீழ் மூன்றைக் காட்ட வேண்டும்: சட்டம் காக்கும் செயல், பாதகமான நடவடிக்கை, இரண்டுக்கும் இடையிலான தொடர்பு. புகார் மட்டுமல்ல, சக ஊழியருக்காகச் சாட்சி சொல்வதும் உள்விசாரணையில் கேட்டதற்குப் பதில் சொல்வதும்கூடக் காக்கப்படும் செயல்களே. மூலப் புகார் தோற்றாலும், நியாயமான நம்பிக்கையோடு நல்லெண்ணத்தில் கொடுத்தது என்றால் பாதுகாப்பு உண்டு. இது பலருக்குத் தெரியாமலே போகிறது.

பாதகம் என்றால் பணிநீக்கம்தான் என்றில்லை. 2006இல் தீர்ப்பான, பர்லிங்டன் நார்தர்ன் என்ற ரயில் நிறுவனத்தின் வழக்கில், பாலினப் பாகுபாடு குறித்துப் புகார் செய்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் தண்டவாளக் கூலி வேலைக்கு மாற்றப்பட்டார். பிறகு 37 நாள் சம்பளமின்றித் தற்காலிகப் பணிநீக்கம். அந்தச் சம்பளத்தைப் பின்னர் கொடுத்துவிட்டோம் என்ற நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. நியாயமான ஓர் ஊழியரைப் புகார் செய்யவிடாமல் தடுக்கக்கூடிய செயலா என்பதே உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்.

வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது தொடர்பில். புகார் இல்லாவிட்டால் இந்த நடவடிக்கையே நடந்திருக்காது என்று காட்ட வேண்டும் என 2013இல் உச்ச நீதிமன்றம் கறாராக்கியது. புகாருக்கு முன்பே தொடங்கிய ஒழுங்கு நடவடிக்கையைப் புகார் நிறுத்தாது. இருபது மாத இடைவெளிக்குப் பின் வந்த நடவடிக்கைக்குத் தேதி நெருக்கம் சான்றாகாது. அதனால் புகாருக்கு முந்தைய பணி மதிப்பீடு, புகார் கொடுத்த தேதி, அது மேலாளருக்குத் தெரிந்த தேதி மூன்றும் கையில் இருக்க வேண்டும். மேலாளருக்குத் தெரியவே தெரியாது என்றால் வழக்கு அங்கேயே நின்றுவிடும்.

இந்தச் சட்டம் பொருந்த, நிறுவனத்தில் குறைந்தது 15 ஊழியர்கள் இருக்க வேண்டும். சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். அதே பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அமைப்பு இருக்கும் இடங்களில் 300 நாள். பணிநீக்கம் என்றால், முடிவைத் தெரிவித்த நாளிலிருந்தே கணக்கு, கடைசி வேலை நாளிலிருந்து அல்ல. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடக்கிறதே என்று காத்திருந்தால் கெடு நிற்காது. மனுப் படிவத்தில் இனம், பாலினம் போன்றவற்றோடு ரிட்டாலியேஷனுக்கும் தனிக் கட்டம் உண்டு. அதைக் குறிக்காமல், விவரத்திலும் எழுதாமல் விட்டால், பின்னால் நீதிமன்றத்தில் அந்தக் கோரிக்கையை எழுப்புவது கடினம்.