கதைச்சுருக்கம் எழுதியது போதும் கண்ணுகளா

ஓர் இடத்தோடு ஒட்டிக்கொள்வது பற்றி ஓர் அனிமேஷன் படத்தை அலசி எழுதச் சொல்லியிருந்தேன். திருத்த எடுத்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரே முடிவு: "இப்படம் நமக்கு நட்பின் பெருமையை உணர்த்துகிறது." 'இன்சைட் அவுட்' பார்த்தவர்களும் அதையே எழுதியிருக்கிறார்கள், 'ஜங்கிள் புக்' பார்த்தவர்களும் அதையே. சில தாள்களில் எழுத்துப்பிழைகூட ஒன்றே. திருப்பூரில் ஆங்கிலம் எடுக்கும் எனக்கு இதற்கு மேல் பொறுமை இல்லை.

அனிமேஷன் படத்தைப் பாடமாக வைத்தால் முதல் போன் பெற்றோரிடமிருந்துதான். "ஏனுங்க மிஸ், பொம்மைப்படம் பாக்கறதுக்குங்களா ஃபீஸ் கட்டறோம்?" அனிமேஷனில் தற்செயலாக எதுவும் ஃபிரேமுக்குள் வராதுங்க. ஒவ்வொன்றும் யாரோ யோசித்து வைத்தது. அலசிப் பழக இது போதாதா?

எனக்கு எரிச்சல் வருவது வேறு விஷயத்தில். ஓர் இடத்தோடு ஒட்டிக்கொள்வது என்றாலே கடைசியில் எல்லோரும் சிரிப்பது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். 2015-இல் வந்த 'இன்சைட் அவுட்' படத்தில் 11 வயது ரைலி, மின்னசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிவருகிறாள். புது வகுப்பில் ஆசிரியை அவளைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார். ஊரில் ஐஸ் ஹாக்கி ஆடியதைச் சிரித்தபடிதான் ஆரம்பிக்கிறாள். இந்தப் படத்தில் அவள் தலைக்குள் இருக்கும் மகிழ்ச்சி, சோகம் போன்ற உணர்வுகளே பாத்திரங்கள்; நினைவுகள் நிறக் கோளங்கள், மகிழ்ச்சிக்கு மஞ்சள், சோகத்துக்கு நீலம். சோகம் தொட்டதும் அந்த நினைவுக் கோளம் மஞ்சளிலிருந்து நீலமாகிறது, ரைலியின் குரல் உடைகிறது. வீட்டிலோ சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. பழைய ஊருக்கே ஓடிப்போகப் பஸ் ஏறி, மனம் மாறி இறங்கி, வீடு திரும்பி அழுது சொன்ன பிறகுதான், அப்பா தனக்கும் அந்த ஊர் ஞாபகம் என்கிறார். அப்போது பிறக்கும் கோளத்தில் மஞ்சளும் நீலமும் கலந்தே இருக்கின்றன. ஏக்கத்தை வாய்விட்டுச் சொல்ல முடிந்த பிறகே அவளுக்கு அந்த வீடு வீடாகிறது. இதில் நட்பின் பெருமை எங்கிருந்து வந்தது?

கண்ணுகளா, முழுப் படத்தையும் சுமக்காதீர்கள். 2 நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்: யார் நடுவில், யார் ஓரத்தில், என்ன நிறம். அப்புறம் சத்தத்தோடு. கதையை எனக்குச் சொல்ல வேண்டாம், நானும் படம் பார்த்தவள்தான். நெட்டில் எடுத்து ஒட்டினால் சைபர்தான், சொல்லிவிட்டேன்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும், நம் தென்மாவட்டங்களிலிருந்தும் வந்த வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். பாடத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று அவர்களை எழுப்பி, "உங்க ஊரைப் பத்திச் சொல்லு கண்ணு" என்று கேட்டுவிடாதீர்கள். ரைலியின் ஆசிரியையும் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். சொல்ல விரும்புகிறவர்கள் தாளில் எழுதட்டும். அதை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டாம்.