முதலில் டைமிங், அப்புறம்தான் பிளக்

பழைய புல்லட் வைத்திருக்கும் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்ததும் கை நேராகக் கார்புரேட்டர் திருகுக்குப் போய்விடும். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு என்று கணக்கு. ஆனால் அந்த நிறத்தில் பெட்ரோல் கலவையின் கதை மட்டும் இல்லை, பொறி எப்போது விழுந்தது என்பதும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. பொறி விழும் அந்த நேரத்தை, அதாவது டைமிங்கை, அளந்து பார்க்காமல் பிளக்கை மட்டும் வைத்துக் கார்புரேட்டரைத் திருப்புவது, இன்ஜினுக்கு உண்மையிலேயே கெடுதல் செய்யக்கூடிய வேலை.

திருவொற்றியூரில் செய்த வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மி.மீ. பிளக் முனையில் பற்றும் தீ சிலிண்டர் முழுக்கப் பரவ மில்லி விநாடிக் கணக்கில் நேரம் எடுக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒரே மில்லி விநாடிக்குள் கிராங்க், அதாவது பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டு, 18 டிகிரி திரும்பிவிடும். அழுத்தம் உச்சத்தைத் தொட வேண்டியதோ, பிஸ்டன் தான் ஏறும் உச்சமான மேல்முனையைத் தாண்டி 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது. அதனால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பொறி விழ வேண்டும். மிகவும் முந்தினால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளும். கிக்கர் திருப்பி அடிப்பது இதனால்தான். பிந்தினால் வண்டிக்கு இழுவை இருக்காது. எரிந்து முடியாத வாயு எக்ஸாஸ்ட் வால்வு வழியே வெளியேறும், சைலென்சர் குழாய் நீலம் பாயும்.

பொறியை விடுவது பாயிண்ட், அதாவது திறந்து மூடும் சின்ன மின் தொடர்பு. அது மூடியிருக்கும்போது மின்னழுத்தத்தைக் கூட்டும் காயிலில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் பிரியும் கணத்தில் அந்தப் புலம் சரிய, காயிலின் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. ஆக, டைமிங் பார்ப்பது என்றால் பாயிண்ட் எப்போது திறக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பதுதான்.

முதலில் பாயிண்ட் கேப், அதாவது பாயிண்ட்டின் இரு முகங்களுக்கு நடுவிலான இடைவெளி. முழுசாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்தால் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு டைமிங்கைத் தொடக் கூடாது. கேப்பைக் கூட்டினால் பாயிண்ட்டின் குதி அதைத் தள்ளித் திறக்கும் சுழல் புடைப்பான கேமில் முன்னதாகவே ஏறும், பொறியும் முந்தும். குதி தேயத் தேயக் கேப் குறைந்து பொறி பிந்திக்கொண்டே போகும். நன்றாக ஓடிய வண்டி சில மாதங்களில் மந்தமாவதற்குப் பெரும்பாலும் இந்தத் தேய்மானமே காரணம். கேமில் துளி கிரீஸ் தடவினால் இது வெகுவாகக் குறையும். பாயிண்ட் முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தால் பாயிண்ட்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து டைமிங். புல்லட் 350-க்குக் கையேடு சொல்லும் அளவு, மேல்முனைக்கு 0.8 மி.மீ. முன்னால். கிராங்க் கணக்கில் ஏறக்குறைய 10 டிகிரி. மேல்முனையை நெருங்கும்போது பிஸ்டன் ரொம்பவும் மெதுவாகத்தான் நகரும். அந்த இடத்தில் ஒரு டிகிரிக்குப் பிஸ்டன் 0.2 மி.மீ. கூட ஏறாது. கம்பி வைத்துப் பார்க்கும்போது கை சற்று அசைந்தாலே ஒரு டிகிரி தவறிவிடும். போதாததற்குப் பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியாக விடும் கம்பி சரியான தூரத்தைக் காட்டாது. நகரும் தூரத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் கிடைத்தால் அதுவே மேல்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் இரண்டு முறை மேலே வரும். நமக்கு வேண்டியது அழுத்தம் ஏறும் சுற்று. பிளக் துளையில் விரலை வைத்தால் காற்று தள்ளுவது தெரியும். வால்வுகளை இயக்கும் இரண்டு புஷ்ராடும் கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். இன்னொரு விஷயம். கிராங்க்குக்கும் பாயிண்ட் கேமுக்கும் இடையில் வரிசையாகப் பல்சக்கரங்கள் இருக்கின்றன, அவற்றில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதனால் சக்கரத்தை நன்றாகப் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து முன்பக்கமாகவே திருப்பி 0.8 மி.மீ. குறிக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பாயிண்ட் பிரியும் கணத்தைப் பிடிக்க மெல்லிய காகிதத் துண்டை நடுவே கொடுத்து லேசாக இழுத்துக்கொண்டிருக்கலாம். பிடி விடும் இடம்தான் திறக்கும் இடம். ஹெட்லைட் மேலிருக்கும், மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் இதைவிட வசதி. சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். பிரிந்ததும் நடுவுக்குத் துள்ளும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை வெகுநேரம் விட்டு வைத்தால் காயில் சுடும், கவனம். முள் துள்ளுவது குறிக்கு முன்போ பின்போ இருந்தால் பாயிண்ட் தட்டைத் தளர்த்தி, கேம் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும்.

இந்த 0.8 மி.மீ., வண்டி நிற்கும்போதைய அளவு. வேகம் கூடினால் பொறி இன்னும் முந்த வேண்டும். அதைச் செய்வது கேமின் அடியில் ஸ்பிரிங் பூட்டிய இரண்டு எடைகள். சுழற்சி கூடும்போது அவை வெளியே விரிந்து கேமை முன்னுக்குத் திருப்பிவிடும். விரலால் கேமைத் திருப்பி விட்டால் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். காய்ந்த கிரீஸில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றால், நிற்கும்போது அளந்த டைமிங் எத்தனை சரியாக இருந்தும் ஓடும்போது பயனில்லை.

இதெல்லாம் சரி என்றால் இப்போது பிளக்கைப் படிக்கலாம். ஊருக்குள் ஓட்டி வந்து, வீட்டு வாசலில் ஐடிலில் உறுமவிட்டு நிறுத்தினால் பிளக்கில் தெரிவது ஐடிலின் கரிதான். ஆளில்லாத சாலையில் டாப் கியரில், ஒரே திராட்டிலில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்புறம் கிளட்சைப் பிடித்துக்கொண்டே சாவியை அணைத்து, வண்டியை உருளவிட்டு நிறுத்திக் கழற்றுங்கள். புதுப் பிளக்காக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பீங்கானின் நுனியை விட, அது உலோகக் கூட்டோடு சேரும் ஆழத்தில் படிந்திருக்கும் புகை வளையத்தைத்தான் கலவைக்குப் பார்க்க வேண்டும். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரமும் எண்ணெய்ப் பளபளப்பும் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றித் தீராது. பீங்கான் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் படியும் கரி தானே எரியும், அதனால் மெதுவாகவே ஓடும் வண்டியில் ஓரளவு கறுப்பு இயல்பு.

வெளிர்ப்பு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய புத்தகங்கள் சொல்லும் பிஸ்கட் பழுப்பு, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து நிறம். அந்தப் பழுப்பில் ஈயப் படிவுக்கும் பங்கு இருந்தது. இந்தியாவில் 2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. இப்போது 20 சதவீதம் எத்தனாலும் சேர்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய ஜெட்டையே வைத்திருந்தால் கலவையில் காற்று மிஞ்சும், பிளக் முன்னைவிட வெளுத்தே தெரியும். கொஞ்சம் பெரிய ஜெட் போடுவது இதற்குச் சரியான வைத்தியம்.

ஆனால் பொறி அளவுக்கு மீறி முந்தினாலும் பீங்கான் சூடேறி வெளுக்கும். பிந்தினாலோ சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போய்விடும், பிளக் நல்ல நிறத்தில் இருக்க வால்வு கருகிக்கொண்டிருக்கும். பீங்கானில் மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ, மினுமினுக்கும் அலுமினியத் துணுக்குகளோ தெரிந்தால் நாக்கிங், அதாவது கலவை கட்டுமீறி வெடிப்பது, தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தத் துணுக்குகள் பிஸ்டனிலிருந்து பெயர்ந்தவை. அதற்கு மேல் வண்டியை ஓட்ட வேண்டாம். ஆம்மீட்டர் முள்ளையும் 0.8 மி.மீ. குறியையும் மறுபடி ஒத்துப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று சோதியுங்கள்.