பேட்டரியை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

பத்து பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால், பெரும்பாலானோர் முதலில் செய்வது புது பேட்டரி வாங்குவதுதான். சில வாரங்கள் வண்டி ஒழுங்காக ஓடும். பிறகு அதே தொல்லை. அடுத்து, என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரை மாற்றுகிறார்கள். அதிலும் சரியாகாவிட்டால் என்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார். மூன்று பொருளுக்கும் பணம் போன பிறகுதான் வண்டி எங்களிடம் வருகிறது. பானெட்டைத் திறந்து பார்த்தால், பேட்டரியின் நெகடிவ் ஒயர் பாடியில் சேரும் இடத்தில், அதாவது எர்த்தில், போல்ட்டைச் சுற்றித் துரு மண்டியிருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மறுபடி முடுக்கினால் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. வாங்கிய மூன்று பொருளும் தேவையே இல்லாதவை.

வாகன மின்பழுது பார்க்கும் எங்களுக்கு இது அன்றாடக் காட்சி. பழைய காரில் பழுது பெரும்பாலும் மின்சாரம் போய்ச் சேரும் பொருளில் இருப்பதில்லை. அது போகும் வழியிலோ, அதைவிட அதிகமாகத் திரும்பி வரும் வழியிலோதான் இருக்கிறது. செம்புக் கம்பி எளிதில் கெட்டுப்போகாது, இணைப்புகள்தான் கெடுகின்றன. என்ஜின் சூட்டில் ஒயரின் மேலுறை விறைத்து வெடிக்கிறது, அதிர்வில் டெர்மினல் தளர்கிறது, ஈரத்தில் செம்பு களிம்பு பிடிக்கிறது. கதவும் டிக்கியும் மடங்கும் இடத்தில், மேலுறை முழுசாக இருக்க, உள்ளே கம்பி அறுந்து கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இது எதுவும் தெரியாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளப்பதற்கு வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் காட்டும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அப்போதும் 13-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி கொதித்து நீர் வற்றும், பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

சார்ஜ் ஏறவில்லை என்றவுடன் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடுவதற்கு முன், டேஷ்போர்டில் சிவப்பு நிற பேட்டரி விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போய்விட்டால், நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் கொடுக்கத் தொடங்காது.

இனி, நல்ல மெக்கானிக்குகளும் வழிதவறும் இடம். மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, ஆகவே இங்கே மின்சாரம் வருகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். முப்பது இழை உள்ள ஒயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும். அதே ஒயரில் ஹெட்லைட்டை இணைத்தால் அழுதுகொண்டு எரியும். அதனால் நான் எப்போதும் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கோத்து வைத்திருப்பேன். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளீரென்று எரிந்தால் ஒயர் நல்ல ஒயர். மங்கினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஆனால் இந்த பல்பை ஏர்பேக் ஒயரிலும், என்ஜினின் கணினிக்குப் போகும் மெல்லிய ஒயர்களிலும் வைக்கவே கூடாது. அவை அத்தனை மின்னோட்டத்தைத் தாங்காது.

செல்ஃப் மோட்டாருக்கு பல்பு போதாது. அது சுழலும்போது 150 ஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். அவ்வளவு பெரிய மின்னோட்டத்தின் வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஓம் அளவில் வைத்தால் சாதாரண மீட்டரால் அந்தத் தடையைச் சரியாகக் காட்ட முடியாது. வோல்டேஜ் இழப்பை அளந்தால் மட்டுமே அது சிக்கும்.

செய்முறை எளிது. மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, கருப்பு முள்ளை பேட்டரியின் நெகடிவ் முனையில் வையுங்கள். முனையைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வேண்டாம், ஈய முனையிலேயே வைக்க வேண்டும். சிவப்பு முள்ளை என்ஜினின் சுத்தமான இரும்பில் அழுத்திப் பிடியுங்கள். உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து, கியர் நியூட்ரலில் இருக்க, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் திரும்பும் வழி நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பிறகு இரு முட்களையும் ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் வைத்து அளந்துகொண்டே போங்கள்: ஈய முனைக்கும் கிளாம்புக்கும் இடையே, கிளாம்புக்கும் ஒயருக்கும் இடையே, ஒயருக்கும் பாடிக்கும் இடையே, பாடிக்கும் என்ஜினுக்கும் இடையே. எங்கே எண் எகிறுகிறதோ அங்கேதான் பழுது. பாசிடிவ் பக்கமும் இதே முறைதான். அங்கே மொத்த இழப்பு அரை வோல்ட் வரை போகலாம்.

என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் மின்தொடர்பு தருவது அந்தப் பட்டைதான். கிளட்ச் வேலைக்கோ கியர்பாக்ஸ் வேலைக்கோ இறக்கி ஏற்றும்போது அதை மாட்ட மறந்துவிடுவது உண்டு. அப்போது செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் கிளட்ச் கேபிள் வழியாகவும் ஓடும். கேபிள் சூடேறி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி உருகிய ஆக்சிலரேட்டர் கேபிள் அழுத்திய இடத்திலேயே சிக்கிக்கொண்டால் நடுச்சாலையில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கேபிளை மட்டும் மாற்றி அனுப்பினால் புதுக் கேபிளும் உருகும். செல்ஃப் அடித்த உடனே கேபிள் கைக்குச் சூடாகத் தெரிந்தால், தேட வேண்டியது அந்தப் பட்டையைத்தான்.

விளக்குகளும் எர்த் கோளாறைக் காட்டிக்கொடுக்கும். பிரேக் மிதித்ததும் பின் விளக்கு மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து பல்பும் சேர்ந்து துடிப்பது, ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுவது என்று தொடர்பே இல்லாத பொருள்கள் ஒன்றையொன்று பாதித்தால், அவை பொதுவாகப் பயன்படுத்தும் எர்த் கழன்றிருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். திரும்ப வழி கிடைக்காத மின்சாரம் அடுத்த பல்பின் இழை வழியாகத் திரும்புகிறது. பின் விளக்கின் ஹோல்டரிலிருந்து பாடிக்கு ஓர் ஒயரைத் தற்காலிகமாக இணைத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குவது வேறு கதை. பழைய காரில் எல்லாம் அணைந்த நிலையில் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் கவலை இல்லை. டிக்கியில் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தாலே 0.4 ஆம்பியர், அதாவது ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் பாதியை நெருங்கிவிடும். நெகடிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து, கதவுகளை மூடி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது. மீட்டரின் பியூஸ் போய்விடும். பிறகு ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ, கசிவு அந்த வழியில். எல்லாவற்றையும் பிடுங்கியும் இறங்காவிட்டால் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடைச் சந்தேகிக்கலாம். பிற்பாடு மாட்டிய மியூசிக் சிஸ்டமும் திருட்டு அலாரமும்தான் இதில் அடிக்கடி அகப்படுகிறவை.

பியூஸ் விஷயத்தில் மட்டும் நான் கடுமையாகவே பேசுவேன். பியூஸ் காப்பது பொருளை அல்ல, ஒயரை. 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் பச்சையைச் செருகுகிறார்கள். சிகரெட் அட்டைப்பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்தவர்களும் உண்டு. அதன் பிறகு ஷார்ட் ஆனால் பியூஸ் போகாது, ஒயர் பழுக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டாகப் போகும் ஒயர்களில் ஒன்று பழுத்தால் பக்கத்து ஒயர்களின் உறையும் உருகி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வண்டி தீப்பிடிப்பது இப்படித்தான். பியூஸ் போகிறது என்றால் காரணத்தைத் தேடுங்கள். பியூஸின் இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்துவிட்டால், ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். மின்னோட்டமும் 5 ஆம்பியருக்குள் அடங்கும். ஒயரை அங்கங்கே அசைத்தும், ஒயர்களை இணைக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றியும் வந்தால், ஓரிடத்தில் பல்பு அணையும். உரசிய ஒயர் அங்கே இருக்கிறது.

வெளிச்சம் போதவில்லை என்று அதிக வாட் பல்பு போடுவதும் இதே ஆபத்துதான். 100 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 17 ஆம்பியர் இழுக்கும். பல பழைய கார்களில் ஹெட்லைட்டின் மின்னோட்டம் முழுவதும் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) இல்லாமல் நேராக டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது, சுவிட்ச் கருகிவிடும். ஹாலோஜன் பல்புக்கு வரும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஆகவே பழைய பல்பையே வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த ஒயர் இழுத்து ஒரு ரிலே போட்டு, எர்த்தையும் சுத்தம் செய்தால் போதும். ரிலேயின் முனைகளில் எண் போட்டிருக்கும்: 30-க்கு பேட்டரி, 87-க்கு பல்பு, 85-க்கும் 86-க்கும் சுவிட்சும் எர்த்தும். வெளிச்சம் கூடும், சுவிட்சும் பிழைக்கும்.

ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவதை பானெட்டுக்குள் நான் ஏற்பதில்லை. சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். சரியான கருவியால் நசுக்கிய இணைப்பும் அதன் மேல் சூட்டில் சுருங்கும் குழாயும்தான் நிலைக்கும்.

கை வைப்பதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது நெகடிவ், கடைசியில் மாட்ட வேண்டியதும் நெகடிவ். வரிசையை மாற்றினால், பாசிடிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். டெர்மினல் வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த நீரை ஊற்றிக் கழுவி, காயவைத்து, வாசலின் தடவுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி, ரெகுலேட்டரையும் என்ஜின் கணினியையும் கொன்றுவிடும்.

இதையெல்லாம் நீங்களே செய்யத்தான் வேண்டும் என்பதில்லை. பட்டறைக்குப் போகும்போது, கோளாறு எப்போது வருகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள்: சூடான பிறகா, மழையிலா, பள்ளத்தில் இறங்கும்போதா, எந்த விளக்கு எரியும்போது. அந்த நாலு வரி எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். எந்தப் பொருளை மாற்றச் சொன்னாலும், கழற்றுவதற்கு முன் அளந்த அளவை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு அதே இடத்தில் மறுபடி அளந்து காட்டச் சொல்லுங்கள்.