பழைய பயாஸுக்குப் போகும் முன் சிப்பில் இருப்பதைப் படித்து வையுங்கள்

மதர்போர்டு சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். இந்த வாரம் மேசைக்கு வந்த ஒரு கேமிங் லேப்டாப்பைப் பார்த்த பிறகு தள்ளிப்போட மனம் வரவில்லை.

வைத்திருந்தவர் இன்ஜினியரிங் கடைசி வருட மாணவர். பிராசஸர் அதிகமாகச் சூடாகிறது, வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கும் என்று நினைத்திருக்கிறார். பயாஸ் என்பது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டில் இருக்கும் ஒரு சிப்பில் எழுதப்பட்ட நிரல். புது பயாஸில் அந்த வசதி பூட்டப்பட்டிருக்கிறது. பழைய பயாஸில் திறந்திருக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, பழைய ஃபைலை இறக்கியிருக்கிறார். கம்பெனியின் அப்டேட் டூல் பின்னோக்கிப் போக மறுத்ததும், அந்தச் சோதனையைத் தாண்ட வைக்கும் இன்னொரு டூலை வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்கிலிருந்து எடுத்து ஓட்டியிருக்கிறார். பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை.

அந்த நிலையில் நேராக வந்திருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும். அவர் முதலில் போன கடையில், சிப்பில் மிச்சம் இருந்ததைப் படித்து வைக்காமலே, இணையத்தில் கிடைத்த வேறொரு லேப்டாப்பின் டம்ப்பை (சிப்பில் இருப்பதன் நகல்) முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மெஷின் ஆன் ஆனது. ஆனால் பயாஸுக்குள் பார்த்தால் சீரியல் நம்பர் யாருடையதோ. ஆன் செய்த அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, டிஸ்க்கைத் திறக்க, அதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ கேட்கிறது. கீ சேமிக்கப்பட்டிருக்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோ, லேப்டாப் வாங்கிய இடத்தில் யாரோ அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்த மெயிலில் இருக்கிறது. அதன் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. புராஜெக்ட் முழுக்க அந்த டிஸ்க்கில்தான்.

கேட்டால், அந்தக் கடையிலும் சரி, இந்தத் தம்பியும் சரி, ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "அதே மாடல் தானே?"

இந்த "அதே மாடல் தானே"வை முதலில் பேசிவிடலாம். என் மேசையில் கிடக்கும் டெட் போர்டுகளில் பாதிக்கும் மேல் இந்த நினைப்பில் போனவை. மதர்போர்டில் பயாஸ் இருக்கும் சிப்பைப் பார்த்திருப்பீர்கள். எட்டு கால், விரல் நகத்தைவிடச் சின்னது, மேலே 25கியூ128 என்கிற மாதிரி ஒரு எண் இருக்கும். 128 என்பது மெகாபிட், அதாவது 16 எம்பி. அந்த 16 எம்பி முழுவதுமே பயாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இன்டெல் போர்டுகளில் அது பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, யார் எதைத் தொடலாம் என்று சொல்லும் டிஸ்கிரிப்டர் ஒன்று. எம்இ என்று நாங்கள் சொல்லும், பின்னணியில் தனியாக ஓடும் இன்டெல்லின் மேனேஜ்மென்ட் எஞ்சின் நிரல் இன்னொன்று. இன்டெல் லேன் (நெட்வொர்க்) இருக்கும் போர்டுகளில் அதன் அடையாள எண்ணான மேக் அட்ரஸோடு அதற்கொரு பகுதி. கடைசியாகத்தான் பயாஸ். அந்த பயாஸ் பகுதிக்குள்ளும் பெரும்பாலான லேப்டாப்களில் உங்கள் மெஷினின் சீரியல் நம்பர், அதற்கே உரிய அடையாள எண்ணான யுயுஐடி, கம்பெனி போட்டுக் கொடுத்த விண்டோஸின் கீ எல்லாம் இருக்கும். சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம்முக்கென்று தனி சிப் இல்லாத மெஷின்களில், பிட்லாக்கர் நம்பியிருக்கும் டிபிஎம் தகவலும் இதே எட்டுக் கால் சிப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே உங்கள் போர்டில் இருக்கும் சிப்பின் உள்ளடக்கம் உலகத்தில் வேறு எந்த போர்டிலும் இல்லை. ஒரே நாளில், ஒரே அட்டைப் பெட்டியில் வந்த இரண்டு லேப்டாப்பிலும்கூட அது வேறுவேறு. அடுத்த மெஷினின் டம்ப்பை முழுசாக எழுதினால், அந்த மெஷினின் அடையாளத்தை உங்கள் போர்டில் ஒட்டுகிறீர்கள்; உங்களுடையது அழிந்துபோகிறது. எம்இ பகுதி அந்த போர்டோடு சரியாகச் சேராதபோது வரும் அறிகுறிதான் அந்த அரை மணி நேர அணைப்பு. எம்இயைச் சுத்தமான நிலையில் திரும்ப அமைத்து எழுத வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அடிப்படைப் பாடம். அதைச் செய்யாமல் "டிஸ்ப்ளே வந்துடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்புகிற சக டெக்னீஷியன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாடல் பெயர் ஒன்றாக இருப்பதும் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் பெயர் விற்பனைக்கான பெயர். அதே பெயரில் தனி கிராஃபிக்ஸ் உள்ளதும் இல்லாததும் வரும், இன்டெல்லும் ரைசனும் வரும். போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் போர்டு நம்பர்தான் கணக்கு. டெஸ்க்டாப்பிலும் அப்படியே. ஜிகாபைட் போர்டுகளில் மூலையில் ரெவிஷன் என்று 1.0, 2.0 எனப் போட்டிருக்கும். ரெவிஷனுக்கு ஏற்ப பயாஸ் ஃபைலும் தனித்தனி. போர்டின் பெயரை மட்டும் தேடி முதலில் வந்த ஃபைலை இறக்குகிறவர்கள் அந்த மூலையைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து பேட்டரிக் கதை. ஃபிளாஷ், அதாவது சிப்பில் பயாஸை எழுதுவது, தப்பாகிவிட்டால் போர்டில் காசு மாதிரி இருக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழைய பயாஸ் வந்துவிடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வராது. அதனால் செட்டிங்குகள்தான் ஆரம்ப நிலைக்குப் போகும். சிப்பில் எழுதியது கரண்டே இல்லாமல் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். தப்பாக எழுதியதும் அப்படித்தான் இருக்கும்.

சரி, பழைய வெர்ஷனுக்குப் போவதில் அப்படி என்ன ஆபத்து? வோல்டேஜ் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற குறை வெளியானது. வோல்டேஜை வேண்டுமென்றே இறக்கி, பிராசஸருக்குள் பாதுகாப்பாக நடக்கும் கணக்குகளைத் தப்பாக்க முடியும் என்று பர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மென்பொருள் வழியாக வோல்டேஜை மாற்றும் வழியைப் பல லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் மூலம் பூட்டினார்கள். வீட்டில் கேம் ஆடுகிறவருக்கு அந்தத் தாக்குதல் நேரடி ஆபத்து இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய பயாஸுக்குப் போகும்போது அந்த ஒரு பூட்டு மட்டும் திறப்பதில்லை. அதற்குப் பிறகு வந்த எல்லாத் திருத்தங்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. சூடுதான் பிரச்சினை என்றால் ஃபேனைத் திறந்து தூசியை எடுங்கள், பிராசஸர் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். அப்படியும் அடங்கவில்லையா, விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். பிராசஸர் வேகத்தை அவ்வப்போது ஏற்றும் டர்போ நிற்கும், சூடு நன்றாக இறங்கும். வேகம் கொஞ்சம் குறையும்தான். போர்டு பிழைத்திருக்கும்.

டெஸ்க்டாப்பில் விஷயம் இன்னும் மோசம். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, நாளடைவில் உள்ளே சேதமாகின. கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை காட்டும். பலர் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடுக்கும் 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் திருத்த நிரல்) வந்தது, செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. இவை உங்களுக்குக் கிடைப்பது பயாஸ் அப்டேட் வழியாகத்தான். "புது பயாஸில் வேகச் சோதனை ஸ்கோர் குறைகிறது" என்று 2023ஆம் வருட ஃபைலுக்குத் திரும்புகிறவர், பிராசஸரைக் காப்பாற்ற வந்த தடுப்பைக் கழற்றி வைக்கிறார். சேதமான பிராசஸரை எந்த அப்டேட்டும் மீட்காது. இன்டெல் இந்தப் பிராசஸர்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறது. உங்களுடையது அந்த வரிசையில் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சாக்கெட்டிலேயே கருகின. பிராசஸரின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத பயாஸ்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. அதற்கு முந்தைய ஃபைலை இன்று யாராவது அந்தப் பிராசஸருக்குப் போட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாற்றியமைத்த பயாஸ், அதாவது மாட் பயாஸ், அடுத்த கட்டம். இதில் எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். பழைய போர்டில் என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) டிஸ்க்கிலிருந்து பூட் ஆக வைப்பது நியாயமான ஆசை. ஆனால் அதற்கு பயாஸைத் தொடவே வேண்டியதில்லை. க்ளோவர் என்ற பூட்லோடரை ஒரு சின்ன பென்டிரைவில் போட்டு அதிலிருந்து என்விஎம்இ டிஸ்க்கைக் கிளப்பலாம். தப்பானால் பென்டிரைவைப் பிடுங்கினால் போதும்.

லேப்டாப்களில் மாட் ஃபைல் பெரும்பாலும் எழவே எழாது. பூட் கார்டு என்ற இன்டெல்லின் காவல் வசதி போடப்பட்ட மெஷினில், கம்பெனியின் சாவி பற்றிய குறிப்பு சிப்செட்டுக்குள் அழிக்க முடியாதபடி பதிந்திருக்கும். கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்துக்கு உட்பட்ட பகுதியில் ஒரு பைட் மாறினாலும் மெஷின் கிளம்பாது. எழுந்துவிட்டால் மட்டும் நல்லதா? அந்த ஃபைலை யார் செய்தார், உள்ளே என்ன வைத்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? 2022 ஜூலையில் காஸ்பர்ஸ்கி வெளியிட்ட காஸ்மிக்ஸ்ட்ராண்ட், எச்81 சிப்செட் போர்டுகளின் பயாஸுக்குள்ளேயே ஒளிந்திருந்த வேவு நிரல். விண்டோஸை அழித்துப் போட்டாலும், டிஸ்க்கையே மாற்றினாலும் அது போகாது, ஏனென்றால் அது டிஸ்க்கில் இல்லை. ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன் என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த மெஷினில்தான் நெட் பேங்கிங்கும் செய்கிறீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே ஆக வேண்டும் என்றால், முதல் வேலை டம்ப் எடுப்பது. சிப்பைப் படித்து எழுத உதவும் சிஎச்341ஏ புரோகிராமரும், சிப்பின் கால்களைப் பிடிக்கும் கிளிப்பும் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கியதும் மாட்டிவிடாதீர்கள். சந்தையில் கிடைக்கும் கறுப்பு நிற புரோகிராமர்களில் பல, 3.3 வோல்ட் சிப்புக்கு டேட்டா லைனில் 5 வோல்ட் அனுப்புகின்றன. புது லேப்டாப்களில் பல சிப்கள் 1.8 வோல்ட், அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும். சிப்பின் எண்ணை லென்ஸ் வைத்துப் படித்து, அதன் வோல்டேஜ் என்ன என்று பார்த்த பிறகு கை வையுங்கள். லேப்டாப் பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும், சார்ஜரும் இருக்கக் கூடாது.

கிளிப்பைப் போட்டு ஒரு முறை படித்துச் சேமித்தால் வேலை முடியவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டு, இன்னொரு முறை படித்து, இரண்டு ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஃபைலைத் திறந்தால் முழுக்க எஃப்எஃப், எஃப்எஃப் என்று, அதாவது வெறுமையாக, ஓடினால் அது டம்ப் இல்லை. கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. இப்படி வெறும் எஃப்எஃப் ஃபைலைப் பத்திரமாகச் சேமித்துவிட்டு சிப்பை அழித்தவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்?

கம்பெனி ஃபைலையே போடுகிறீர்கள் என்றாலும் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை இடைநிறுத்தி விட்டுத் தொடங்குங்கள். "நான் பிட்லாக்கர் போடவே இல்லை" என்று சொல்லாதீர்கள். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்தாலே பல மெஷின்களில் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரும் இருக்கட்டும், பேட்டரியிலும் சார்ஜ் இருக்கட்டும். விண்டோஸுக்குள்ளிருந்து ஃபிளாஷ் செய்வதைவிட பயாஸ் மெனுவுக்குள்ளிருந்து செய்வது மேல். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில், கம்பெனி சொல்லும் பெயரில் ஃபைலைப் போட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி ஓட்டையில் செருகினால், டிஸ்ப்ளே வராத போர்டைக்கூட அது மீட்டுவிடும். அந்தப் பட்டன் இருப்பது தெரியாமலேயே சர்வீஸுக்குக் காசு கொடுக்கிறவர்கள் நிறைய பேர்.

ஏற்கெனவே தப்பாகிவிட்டதா? தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு ஃபைல், இன்னொரு டூல் என்று தேட வேண்டாம். பாதியில் நின்ற ஃபிளாஷில் உங்கள் சீரியல் நம்பரும் எம்இயும் டிபிஎம் தகவலும் பெரும்பாலும் சிப்பில் அப்படியே இருக்கும். அடுத்தடுத்து எழுத எழுதத்தான் அவை போகின்றன. டெக்னீஷியனிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். "தானாகவே ஆஃப் ஆகிடுச்சு அண்ணா" என்று சொன்னால், நாங்கள் பவர் செக்‌ஷனில் தேடி நேரத்தை வீணாக்குவோம். எந்த ஃபைல், எந்த டூல், எத்தனை சதவீதத்தில் நின்றது என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

எந்தக் கடையில் கொடுத்தாலும் எழுதும் முன் பழைய டம்ப்பை எடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். எடுத்ததை உங்கள் பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அது உங்கள் மெஷினின் டேட்டா, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எதற்கு அதெல்லாம் என்று இழுத்தால், மெஷினை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.