உப்புத் தண்ணில ஊறவச்சா துணில அடிச்ச போட்டோ நிக்குமா?

குவில்ட் (துணித் துண்டுகள இணைச்சுத் தைக்கிற போர்வை) தைக்கிற வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: தாத்தா போட்டோவ இங்க்ஜெட் பிரிண்டர்ல பருத்தித் துணில அடிச்சேன், அயர்னும் பண்ணேன், மொத அலசல்லயே முகம் வெளுத்துப் போச்சு, மீசை மட்டும் கறுப்பா நிக்குது, கல்லுப்பு போட்டு ஊறவச்சா சாயம் போகாதாமே, நிஜமா?

போகத்தாங்க செய்யும். மீசை தப்பிச்சதுக்குக் காரணம், பல பிரிண்டர்ல கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, தண்ணில கரையாத துகள். மத்த மூணு கலரும் கரையிற சாயம். அடிக்கிற முறை உங்களுக்கே தெரியும், கஞ்சி போக அலசி, காயவச்சு, ஏ4 ஸ்டிக்கர் ஷீட்ல சுருக்கமில்லாம ஒட்டி உள்ள விடணும், அவ்ளோதான்.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். சாய மூலக்கூறு தண்ணில கரையணும்னு அதுல சல்ஃபோனேட் குழுக்கள வச்சிருப்பாங்க, அதுக்கு நெகட்டிவ் சார்ஜ். பருத்தி இழையும் தண்ணில நனைஞ்சா அதோட மேற்பரப்பு லேசா நெகட்டிவ் ஆயிடும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளும். காஞ்ச துணில சாயம் சும்மா உக்காந்திருக்கு, தண்ணி வந்ததும் அதோட கெளம்பிடும், எவ்ளோ சூடா அயர்ன் பண்ணாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால அடிக்கிறதுக்கு முன்னாடியே துணிய கேட்டயானிக் ஃபிக்ஸர்ல, அதாவது சாயத்த துணில நிக்கவைக்கிற பாசிட்டிவ் சார்ஜ் கரைசல்ல, ஊறவச்சு காயவைக்கணும். அதுல நாலு பக்கமும் கார்பன் பிடிச்ச நைட்ரஜன் இருக்கு, அதோட பாசிட்டிவ் சார்ஜ் எந்தத் தண்ணிலயும் போகாது. ஒரு பக்கம் இழைய பிடிக்கும், இன்னொரு பக்கம் சாயத்த பிடிக்கும், ரெண்டும் சேர்ந்து கரையாத பொருளாயிடும். ஆனா வழக்கமான சோப்பு, டிடர்ஜென்ட் எல்லாம் பெரும்பாலும் நெகட்டிவ் ஜாதி, அதுவும் இந்த நைட்ரஜனுக்குப் போட்டி போடும், அதனால பச்சத் தண்ணில லேசா அலசினா போதும்.

உப்பு நம்பிக்கை எங்கருந்து வந்துச்சுன்னா, சாயப்பட்டறைலருந்து. அங்க சாயத் தொட்டில லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல கூட உப்பு போடுவாங்க, சோடியம் அந்த நெகட்டிவ் சார்ஜ மறைக்கும், சாயம் இழைகிட்ட போகும், அப்புறம் சலவை சோடா போட்டா ரியாக்டிவ் சாயம் இழையோட வேதிப் பிணைப்பு போட்டுக்கும். உப்பு வழிவிடுது, ஒட்டுறது சாயமேதான். நம்ம பிரிண்டர் மைக்கு அந்தப் பிணைப்பு போடவே தெரியாது. போட்ட உப்போ துணில தங்காது, முழுசா கழிவுநீர்ல போகும், திருப்பூர்ல அது நொய்யல் ஆத்துலயும் ஒரத்துப்பாளையம் அணையிலயும் சேர்ந்து, 2011 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள மூடச் சொல்ற வரைக்கும் போச்சு. பருத்தியவே முன்கூட்டி பாசிட்டிவ் ஆக்கிட்டா உப்பு ரொம்பக் கொஞ்சம் போதும், நீங்க ஃபிக்ஸர்ல பண்றதும் அதே வேலைதான். என்னக் கேட்டா, கழிவுநீர சுத்திகரிக்க கொட்டுற காசுல ஒரு பங்கு பருத்திய இப்படி பாசிட்டிவ் ஆக்குற ஆராய்ச்சிக்குப் போகணும்.

வினிகர் ஊத்தலாமான்னும் கேட்டிருந்தீங்க. பட்டு, கம்பளின்னா சரி, அதுங்க புரதம், அமிலம் பட்டா அதுல இருக்கிற அமீன்ங்கிற நைட்ரஜன் குழுக்கள் பாசிட்டிவ் ஆயிடும். பருத்தில அமீனே கிடையாது, வாசனைதான் மிஞ்சும்.